மூடப்படவே இல்லை

போட்டோக்காரருடைய கேமரா ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பாஸ்போர்ட் படம் ஒன்றுக்கு நடுவில், உயிரை விட்டது. எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு காதையும் காட்டிக்கொண்டிருந்தார். இவர் பட்டனை அமுக்கினார். உள்ளே ஏதோ கறுக்கென்று கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. தட்டிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார், பேட்டரியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிப் பார்த்தார். பதினாலு வருஷம் உழைத்த கேமரா. அதற்கு மேல் அதனிடம் கேட்பது பாவம்.

"மூச்சை விடட்டுமா சார்?" என்று ஸ்டூல்காரர் கேட்டார்.

"விடுங்க," என்றார் போட்டோக்காரர். "அதுவே விட்டுடுச்சு."

அந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு அவர் 'அசையாதே சார்'. வருஷா வருஷம் பள்ளிக்கூடத்தில் வகுப்பு வகுப்பாகக் குரூப் போட்டோ எடுக்கிறவர். பெஞ்சின்மேல் ஏறி நின்று "அசையாதே!" என்று அவர் போடும் சத்தத்தில் மைதானத்துக் காக்காய்கூட ஒரு நிமிஷம் யோசிக்கும். பாஸ்போர்ட் படமெல்லாம் வயிற்றுக்கு. குரூப் போட்டோ மனசுக்கு. ஒரு வரிசை கோணலாக இருந்தால் மனுஷனுக்குச் சோறு இறங்காது. பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால்கூட 'நெட்டையெல்லாம் பின்னாடி' என்று வாய் வரைக்கும் வந்துவிடும்.

அவர் வீட்டுக் கூடத்துச் சுவரில், நூல் பிடித்து அடித்த பன்னிரண்டு ஆணிகள். மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த அன்றைக்கே பன்னிரண்டையும் அடித்துவிட்டார். முதல் ஆணியில் முன்பல் இரண்டும் இல்லாத மகள். நாலாவதில் முழங்கையில் கட்டோடு. எட்டாவதில், காலையில் அப்பாவோடு சண்டை போட்டுவிட்டு வந்த உர்ரென்ற மூஞ்சி. பதினொன்று முடிந்துவிட்டது. இன்னும் பதினைந்து நாளில், புதன்கிழமை, பன்னிரண்டாவது. அதோடு அவள் பள்ளிக்கூடம் முடிகிறது. அந்தச் சமயம் பார்த்துத்தான் சனியன் செத்திருக்கிறது.

வேறு கேமரா வாங்கிவிட்டுப் போகவேண்டியதுதானே என்பீர்கள். அவரிடம் இருந்த மூன்று லென்ஸும் அந்தக் கம்பெனி லென்ஸ். வேறு கம்பெனி கேமராவில் ஒட்டாது. லென்ஸையும் சேர்த்து மாற்றுவதென்றால் கடையை விற்கவேண்டும், கடையை விற்றால் கேமரா எதற்கு? இரவல் கேட்கலாம் என்றால் பள்ளிக்கூட சீசனில் எந்தப் போட்டோக்காரன் கேமராவைக் கையை விட்டுத் தருவான்? ஆக, அதே கம்பெனியில் பழைய கேமரா ஒன்று வாங்குவதுதான் வழி. கம்பெனியோ நாலு வருஷமாகப் புதிசாக ஒன்றும் கொண்டுவரவில்லை. அதை விற்கப்போகிறார்கள் என்றார் ஒருத்தர். விற்றாயிற்று என்றார் இன்னொருத்தர். வாங்க நாதியில்லை என்றார் மூன்றாமவர். கம்பெனியோ வாரம் தவறாமல் "எங்கள் நிறுவனம் மூடப்படவில்லை" என்று அறிக்கை விட்டுக்கொண்டிருந்தது. கேட்காமலே 'நான் திருடலைங்க' என்கிறவனை நீங்களும் நானும் எப்படிப் பார்ப்போம்? அப்படித்தான் ஊர் பார்த்தது.

"இடிஞ்சு விழப்போற வீட்டுக்கு வாடகைக்குப் போறீங்களே," என்றாள் மனைவி.

"பதினஞ்சு நாள் தாங்கினா போதும்டி," என்றார் போட்டோக்காரர். அந்த வாயை எதில் கழுவுவது என்று பிறகு அவருக்கே தெரியவில்லை.

*

பழைய கேமராக்களைக் கம்பெனியே விற்கும் இடத்துக்கு மறுவாழ்வு மையம் என்று பெயர். உள்ளே நுழைந்ததும் மூக்கில் அறைந்தது ஊறிப்போன கம்பள நாற்றம். அதற்கு மேல் மல்லிகை ஸ்பிரே. இரண்டும் கலந்தால் என்ன வரும் என்பதை நாகரிகம் கருதி விட்டுவிடுகிறேன். கண்ணாடி அலமாரியில் புது மாடல்கள் பளபளவென்று இருந்தன. ஆசையாக ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். தக்கை மாதிரி வந்தது. உள்ளே ஒன்றுமில்லை, வெறும் கூடு.

"அது பார்வைக்கு மட்டும் சார்," என்று ஒரு குரல் வந்தது. கழுத்தில் அட்டை மாட்டிய அம்மா ஒருத்தர். அட்டையில் 'நம்பிக்கை அலுவலர்' என்று இருந்தது. "புது மாடல் உள்பாகம் எதிர்காலத்துல வரும். வெளிப்பாகத்தை இப்பவே கொண்டுவந்துட்டோம். எதுக்கும் தயாரா இருக்கணும் இல்லையா?"

பழைய கேமரா வேண்டும் என்றதும் அந்த அம்மா ஒரு படிவம் நீட்டினார். பதினாலாவது கேள்வி: 'கம்பெனியின் எதிர்காலம் குறித்து உங்கள் கருத்து. அ. பிரகாசம். ஆ. மிகப் பிரகாசம். இ. சொல்ல வார்த்தை இல்லை.' போட்டோக்காரர் பொய் சொல்லத் தெரியாத ஆள். 'இ'யில் டிக் போட்டார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதுக்கு ஆயுள் உத்தரவாதம் உண்டு சார்."

"யாரோட ஆயுள்ங்க? கேமராவோடதா, கம்பெனியோடதா?"

"எது முன்னாடி முடியுதோ அது வரைக்கும்," என்றார் அம்மா, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

ஸ்டோர்காரர் உள்ளேயிருந்து கேமரா ஒன்றைத் தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவந்தார். பேசவே பேசாத மனிதர். கேமராவோடு ஒரு சீட்டு இருந்தது: 'இதுவரை எடுத்த க்ளிக்: 12,340.' போட்டோக்காரருக்கு வாயெல்லாம் பல். அந்த மாடலுக்கு ஒரு லட்சம் க்ளிக் ஆயுசு என்பது கம்பெனியின் வாக்குறுதி. அதாவது, உள்ளே திறந்து மூடுகிற ஷட்டர் ஒரு லட்சம் தடவை திறந்து மூடும். அதற்கப்புறம் கடவுள் விட்ட வழி. பன்னிரண்டாயிரம் என்றால் கேமரா இன்னும் பச்சைக் குழந்தை.

"கையில குடுங்க, ஒரே ஒரு க்ளிக் பண்ணிப் பார்த்துக்கறேன்."

"ஐயய்யோ!" அந்த அம்மா தாம்பாளத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். "ஒவ்வொரு க்ளிக்கும் அதோட ஆயுசுல ஒண்ணு சார். வாடிக்கையாளர் தொடக் கூடாது. ஏழு பிரிவு ஆய்வு பண்ணி, பத்து வேலை நாள்ல உங்க கையில குடுப்போம். அதுவரைக்கும் நீங்க தினமும் காலை நம்பிக்கைக் கூட்டத்துக்கு வரணும். ஒரு நாள் வரலைன்னாலும் மனு காலாவதி."

"நான் எதுக்குங்க கூட்டத்துக்கு?"

"வாடிக்கையாளர் இருக்காங்கன்னு தலைமையகத்துக்குக் காட்ட வேண்டாமா?"

பத்து வேலை நாள் என்றால் அடுத்த செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய். பள்ளிக்கூடம் மறுநாள் புதன். விரல் விட்டு எண்ணிப் பார்த்து, கடைக் கதவில் 'இரண்டு வாரம் விடுமுறை' என்று அட்டை தொங்கவிட்டார்.

*

நம்பிக்கைக் கூட்டம் ஒரு நீள ஹாலில் நடந்தது. மேடைக்கு மேலே 'நாளையும் நாமே' என்று துணிப் பதாகை. நாற்பது நாற்காலி. ஆறிப்போன டீ, நமுத்துப்போன பிஸ்கட். மண்டல மேலாளர் மைக்கைப் பிடித்தார். சிரிக்கும்போது மேல் ஈறு முழுக்கத் தெரிகிற ஆள். அதைப் பெருமையாக வேறு நினைத்துக்கொண்டிருந்தார்.

"நாம மூடப்போறோம்னு வெளியில பேசறாங்க. கேக்கறேன், மூடப்போற கம்பெனி நம்பிக்கைப் பிரிவு ஆரம்பிக்குமா? ஆராய்ச்சிப் பிரிவுல நாப்பது பேர் இருந்தாங்க. கேமராவைப் பத்தியே யோசிச்சுக்கிட்டு இருந்தாங்க. அவங்களை அனுப்பிட்டுத்தான் இந்த நாப்பது நாற்காலியைப் போட்டோம்! இதைவிட என்ன ஆதாரம் வேணும்?"

கைதட்டல் இடித்தது. அடுத்தது உறுதிமொழி. எல்லாரும் வலது கையை இல்லாத ஷட்டர் பட்டன்மேல் வைத்து, "மூடமாட்டோம், மூடமாட்டோம், கண்ணைக்கூட மூடமாட்டோம்" என்றார்கள். கண்ணை உண்மையிலேயே மூடாமல் இருந்ததில் ரெண்டு பேருக்கு நீர் வழிந்தது. அப்புறம்தான் முக்கியமான காரியம்: குரூப் போட்டோ. தலைமையகம் தினமும் சிரிப்பு அறிக்கை கேட்கிறதாம். இத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள், இத்தனை பேர் சிரிக்கிறார்கள். பல் தெரிகிற சிரிப்புதான் எண்ணிக்கையில் சேரும்.

ஸ்டாண்டில் ஒரு கேமரா நின்றது. கம்பெனிக் கொடியைப் போர்த்தி, லென்ஸ் மட்டும் வெளியே மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. ஸ்டோர்காரர் பட்டனை அமுக்கினார். ஒரு தடவை அமுக்கினால் நிற்காமல் அடிக்கிற முறையில் வைத்திருந்தார்கள். டர்ர்ரென்று நூறு க்ளிக் ஒரே மூச்சில் போனது.

போட்டோக்காரரைத் 'திருப்தியடைந்த வாடிக்கையாளர்' என்று நடுவில் நிறுத்தியிருந்தார்கள். அவருக்கு உடம்பெல்லாம் அரித்தது. வரிசையா அது? நெட்டையன் முன்னால், குட்டை பின்னால். ஒருத்தர் கழுத்து பக்கத்து ஆள் தோளிலிருந்து முளைத்திருந்தது. முதல் நாள் பல்லைக் கடித்துக்கொண்டார். இரண்டாம் நாளும் கடித்தார். மூன்றாம் நாள், "பின் வரிசையில் பல் குறைவு" என்று தலைமையகத்திலிருந்து கண்டனக் கடிதம் வந்ததாக மேலாளர் அழாத குறையாகச் சொன்னார். போட்டோக்காரருக்குத் தாங்கவில்லை. ஆடின கால் நிற்குமா? நாற்காலிமேல் ஏறிவிட்டார்.

"நீங்க பின்னாடி போங்க. நீங்க ஒரு தோளைத் திருப்புங்க. முகவாயை இறக்குங்க, மேடம். அசையாதே!"

டர்ர்ர். ஸ்டோர்காரர் நிமிர்ந்து அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கொடியைப் பார்த்தார்.

"இன்னொண்ணு!" என்றார் போட்டோக்காரர். "மூணாவது ஆள் கண்ணை மூடிட்டார். மறுபடி. ம்ஹூம், ஒளி சரியில்லை, மறுபடி."

அன்றைக்கு ஐம்பது தடவை எடுக்க வைத்தார். ஒவ்வொரு தடவையும் நூறு. மேலாளர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மேல் ஈறு அவர் காதருகில் வந்துபோனது. "தொழில் தெரிஞ்ச மனுஷன்! இத்தனை நாள் எங்க சார் இருந்தீங்க?"

சும்மா சொல்லக் கூடாது, போட்டோக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதன்பின் தினமும் அவர்தான். ஏழு பிரிவும் தனித்தனியாகப் படம் கேட்டன. தரப் பிரிவு கையைக் கட்டிக்கொண்டு, சட்டப் பிரிவு கையைக் கட்டாமல், விளம்பரப் பிரிவு குதித்துக்கொண்டு. குதிக்கிறவர்கள் ஒரே உயரத்தில் அந்தரத்தில் நிற்கிற வரைக்கும் அவர் விடவில்லை.

ஆறாம் நாள் நடந்ததைச் சொல்ல எனக்கே வாய் கூசுகிறது. அன்றைக்கு ஒன்பது பேரை வேலையை விட்டு அனுப்பினார்கள். அதற்கு 'சிறகு விரிக்கும் விழா' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒன்பது பேரையும் முன் வரிசையில் உட்காரவைத்து, மடியில் ஆளுக்கொரு வெறும் கேமராக் கூடு பரிசாகக் கொடுத்து, சிரிக்கச் சொன்னார்கள். அதில் இருபத்திரண்டு வருஷம் லென்ஸ் துடைத்த ஒரு அம்மா அழுதுவிட்டார். அடக்க அடக்க அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"நிறுத்தாதீங்க," என்றார் மேலாளர். "எடுத்துக்கிட்டே இருங்க. ஆனந்தக் கண்ணீர் மாதிரி ஒண்ணாவது விழும்."

டர்ர்ர். டர்ர்ர். அந்த அம்மாவின் மூக்கு சிவந்து உதடு கோணியது. டர்ர்ர். போட்டோக்காரர் நாற்காலியிலிருந்து இறங்கிப் போயிருக்கவேண்டும். 'சீ, நீங்களும் உங்க கேமராவும்' என்று காறித் துப்பிவிட்டு வந்திருக்கவேண்டும். ஆனால் ஆறு நாள் முடிந்திருந்தது, இன்னும் நாலே நாள், அங்கே சுவரில் ஒரு ஆணி காலியாக இருந்தது. துப்பவில்லை. அதுகூடப் போகட்டும். பாழாய்ப்போன கை, தன்னால் தூக்கிக்கொண்டு, "அந்த அம்மா கொஞ்சம் இடது பக்கம் நகரட்டும்" என்று காட்டியது. அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார். வீட்டுக்கு வந்து மூன்று தடவை கை கழுவினார் போட்டோக்காரர். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

பத்தாம் நாள் ஹாலில் ஆறு பேர்தான் மிச்சம். நம்பிக்கை அலுவலர் பெட்டியில் ரிப்பன் கட்டிக் கொடுத்தார். மேலாளர் பேசினார்: "இந்தக் கேமராவை எங்க ஏழு பிரிவும் இழை இழையா சோதிச்சிருக்கு. இதைவிட அதிகமா சோதிச்ச கேமரா இந்த உலகத்துலயே இருக்க முடியாது."

அது ஒன்றுதான் அந்த ஆள் வாயிலிருந்து வந்த உண்மை.

*

சாயங்காலம் வீட்டில் ரிப்பனை மகள்தான் பிரித்தாள். பழைய கேமராதான் என்றாலும் மனுஷனுக்குக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி முகம். லென்ஸை மாட்டினார். கச்சிதமாக உட்கார்ந்தது. பட்டனைத் தொடுவதற்கு முன்னால், தொழில் பழக்கம், மெனுவுக்குள் போய் எண்ணிக்கையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

99,981.

"அப்பா, உள்ள கார்டு இருக்குப்பா," என்றாள் மகள். அவசரத்தில் மெமரி கார்டை எடுக்க மறந்துவிட்டிருந்தார்கள். கம்ப்யூட்டரில் போட்டாள். கடைசி ஐந்து நாள் படங்கள் அதில் இருந்தன. 'நாளையும் நாமே'க்குக் கீழே ஈறு, பல், ஈறு, பல். குதிக்கிற விளம்பரப் பிரிவு. மூக்கு சிவந்து நகர்கிற ஒரு அம்மா, முந்நூறு தடவை. மகள் தள்ளிக்கொண்டே போனாள், திடீரென்று நிறுத்தினாள்.

"அப்பா, நாற்காலி மேல ஏறி நின்னு கையை ஆட்டறது நீதானே?"

கொடிக்குக் கீழே இருந்தது எந்தக் கேமரா என்று இப்போது போட்டோக்காரருக்கு விளங்கிவிட்டது. தாம்பாளத்தில் வந்த அதே குழந்தையைத் தன் வாயால் "மறுபடி, மறுபடி" என்று சொல்லிச் சொல்லியே பத்து நாளில் கிழமாக்கியிருக்கிறார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவர் வரிசை சரிபார்த்து, ஒளி பார்த்துப் போட்டுக்கொண்டவர்.

"உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணா," என்றார் கடைசியில், சத்தமே இல்லாமல்.

"இன்னும் எத்தனை எடுக்கலாம்பா?"

"பத்தொன்பது."

மகள் மனசுக்குள் எண்ணினாள். பன்னிரண்டு வகுப்பு, ஆசிரியர்கள் ஒன்று, மொத்தம் பதிமூன்று. "நாளைக்கு எங்க கிளாஸை முதல்ல எடுத்துடுப்பா. தலைமையாசிரியை அம்மாகிட்ட ஏதாவது சொல்லிக்கலாம்."

"வரிசைன்னா வரிசைதான்மா. பன்னெண்டு வருஷமா ஒண்ணாம் கிளாஸ்ல ஆரம்பிக்கறேன். என் பொண்ணுக்காக மாத்தினேன்னு பேர் வரக் கூடாது."

"உன் வரிசையும் நீயும்," என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது.

*

மறுநாள் மைதானத்தில் முதலில் ஆசிரியர்கள் உட்கார்ந்தார்கள், தலைமையாசிரியையின் கட்டளை. முதல் படத்தில் தலைமையாசிரியையின் கண்ணாடி மின்னியது. இரண்டாவதில் குள்ளமாகத் தெரிந்தாராம். மூன்றாவதில் கழுத்து. "போன்ல எடுக்கற மாதிரி அவசரப்படாதீங்க சார். போன்னா எங்க கிளார்க்கே எடுத்துடுவார், உங்களை எதுக்குக் கூப்பிடணும்?" என்றார். நாலாவதில்தான் திருப்தி. மிச்சம் பதினைந்து.

ஒன்றாம் வகுப்பில் ஒரு வாண்டு, அமுக்குகிற நொடியில் தும்மினான். நாலாம் வகுப்பில் ஒருவன் நாய் வந்தது என்று வரிசையை விட்டே ஓடினான். போட்டோக்காரர் பெஞ்சின்மேல் நின்று கும்பிட்டார். "தங்கங்களா, ராசாக்களா, ஒரே ஒரு தடவை, கண்ணை மூடாதீங்க!" அசையாதே சார் கெஞ்சுவதைப் பிள்ளைகள் அதுவரைக்கும் பார்த்ததில்லை. பயத்தில் மூச்சு விடாமல் நின்றார்கள். ஐந்து, ஆறு, ஏழு ஒவ்வொரு க்ளிக்கில் முடிந்தன. எட்டில் ஒரு பெண் கொட்டாவி விட்டாள்; இரண்டு. ஒன்பது, பத்து, பதினொன்று. ஒவ்வொரு அமுக்கலுக்கும் அவர் நெஞ்சு ஒரு தடவை நின்று ஓடியது. பதினொன்றாம் வகுப்பு கலைந்தபோது எண்ணிக்கை 99,999.

இன்னும் ஒன்று இருந்தது. ஒன்று போதும்.

பன்னிரண்டாம் வகுப்பு வந்து நின்றது, முப்பத்தாறு பேர். மகள் உயரம், பின் வரிசையில் இடது ஓரம். அவளுக்குத் தெரியும், அது கடைசி க்ளிக் என்று. அப்பாவைப் பார்த்து, ஒன்றாம் வகுப்பில் சிரித்த மாதிரியே வாயைத் திறந்து சிரித்தாள், பல்லுதான் இப்போது முழுசாக இருந்தது. போட்டோக்காரர் வரிசை பார்த்தார், தோள் பார்த்தார், ஒளி பார்த்தார். முப்பத்தாறு ஜோடிக் கண்ணும் திறந்திருந்தன. வாழ்க்கையில் அப்படி ஒரு வரிசை அவருக்கு அமைந்ததே இல்லை.

"அசையாதே!"

அமுக்கினார். கறுக் என்றது. அசையாமல் நின்றது கேமராதான்.

மறுபடி அமுக்கினார். தட்டினார். ஊதினார். பெஞ்சிலிருந்து இறங்கி, முதுகைத் திருப்பிக்கொண்டு, அதை மார்போடு அணைத்து என்னென்னவோ சொல்லிக் கொஞ்சினார், திட்டினார். பிள்ளைகள் சிரிப்பைத் தாங்கிப் பிடித்து நின்றார்கள். வெயில் ஏறியது. ஒவ்வொரு சிரிப்பாக உதிர்ந்தது.

"போதும் சார்," என்றார் தலைமையாசிரியை. "கிளார்க், உங்க போனை எடுத்துட்டு வாங்க."

கிளார்க் வந்தார், தலையைச் சொறிந்துகொண்டே ஒன்று எடுத்தார், போனார். மத்தியானம் எல்லாருக்கும் அனுப்பியும் விட்டார். படத்தில் முப்பத்தைந்து பேர் இருந்தார்கள். பின் வரிசை இடது ஓரத்தில் கிளார்க்கின் கட்டைவிரல், பெரிசாக, நகத்து அழுக்கோடு.

"பரவால்லப்பா," என்றாள் மகள். உதட்டைக் கடித்துக்கொண்டு சொன்னாள். போட்டோக்காரருக்கு அதைக் கேட்க முடியவில்லை. கேமராவைத் தூக்கிக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டார்.

*

மறுவாழ்வு மையத்தின் கண்ணாடிக் கதவில் ஒரு சங்கிலி, சங்கிலியில் ஒரு தேங்காயளவு பூட்டு. பூட்டுக்கு மேலே அழகான எழுத்தில் பலகை: 'எங்கள் நிறுவனம் மூடப்படவில்லை. நம்பிக்கையுடன் காத்திருங்கள்.' உள்ளே நாற்பது நாற்காலியும் இல்லை. அலமாரியில் வெறும் கூடுகள் மட்டும் பளபளத்தன. படியில் வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார்.

"எப்பய்யா மூடினாங்க?"

"மூடலை சார், பூட்டியிருக்கோம்." வாட்ச்மேன் அக்கறையாகத் திருத்தினார். "மூடினா வேலை பார்த்தவங்களுக்கெல்லாம் ஈடு குடுக்கணுமாம். பூட்டினா வேண்டியதில்லையாம். மேலாளர் தெளிவா சொல்லிட்டுப் போயிருக்கார். யார் கேட்டாலும் இப்படித்தான் சொல்லணும்."

"அவர் எங்க?"

"வேற கம்பெனியில சேர்ந்துட்டார். அங்கயும் நம்பிக்கைப் பிரிவுதானாம்."

"உனக்குச் சம்பளம்?"

வாட்ச்மேன் பலகையைத் திரும்பிப் பார்த்தார். "காத்திருக்கச் சொல்லி எழுதியிருக்காங்களே சார்."

போட்டோக்காரருக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. பத்து நாள் குடித்த டீ, அந்த மல்லிகை ஸ்பிரே, அந்த ஈறு, தன் கை காட்டிய பக்கம் நகர்ந்த அந்த அம்மா, எல்லாம் ஒன்றாகத் தொண்டைக்கு வந்தன. என்ன செய்வதென்று தெரியாமல், ஆத்திரத்தில், தொழில்காரன் செய்வதையே செய்தார். கேமராவைத் தூக்கி, பலகைக்கு நேராகப் பிடித்து, பட்டனை ஓங்கி அமுக்கினார்.

சடக்.

வெண்ணெய் மாதிரித் திறந்து மூடியது. திரையில் படம் வந்தது. பலகையின் ஒவ்வொரு எழுத்தும் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி அத்தனை துல்லியம். ஒளி, வரிசை, எதிலும் ஒரு குறை சொல்ல முடியாது. மூலையில் எண்ணிக்கை: 1,00,000. அதற்கப்புறம் எத்தனை அமுக்கியும் அது அசையவில்லை. லட்சம் க்ளிக் என்று கொடுத்த வாக்கைக் கம்பெனி காப்பாற்றிவிட்டது. அவர் பெண்ணுக்குக் கொடுக்காத ஒரு க்ளிக்கைத் தனக்கென்று வைத்திருந்து, தன் பலகையைத் தானே எடுத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டது.

"த்தூ!" என்றார் போட்டோக்காரர். பத்து நாள் அடக்கியது. சரியாகக் கதவின் நடுவில் விழுந்தது.

"துடைச்சுட்டுப் போங்க சார்," என்றார் வாட்ச்மேன் வருத்தமாக. "யாராச்சும் பார்த்தா மூடிட்டாங்கன்னு நினைச்சுக்குவாங்க."

வீட்டுக்கு வந்து கேமராவை மேஜைமேல் எறிந்தார். மகள் நடந்ததைக் கேட்டுக்கொண்டாள். அப்புறம் கேமராவை எடுத்துப் போய், கழுத்து வாரைப் பன்னிரண்டாவது ஆணியில் மாட்டினாள். பதினொரு படத்துக்குப் பக்கத்தில் அது தொங்கியது.

"கழட்டும்மா அதை. பார்க்கவே சகிக்கலை."

"இருக்கட்டும்பா," என்றாள். "நாங்க முப்பத்தாறு பேரும் அதுக்குள்ளதான் இன்னும் சிரிச்சுக்கிட்டே நிக்கறோம்."

அவர் எழுந்து போய்க் கேமராவின் மூஞ்சியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார். பிறகு, அது கோணலாகத் தொங்குகிறது என்று மறுபடி போய் நேராக்கினார்.